மூன்றில் ஒரு ஓட்டு

ஆர்லிஸ் ரோஸ்காம்ப் எழுந்து நின்று யாருக்காகப் பேசுகிறாளோ, அந்த ஆள் மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் கவுண்டியில் வெகுநாளாக வழங்கிவரும் பேச்சு. கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி; எங்களுடையது அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தல் வருகிற ஆண்டில், நாட்டில் வேறு யாருக்கும் முந்தி நாங்கள்தான் ஜனவரிக் குளிரில் ஊர் ஊராகக் கூடி, எங்கள் கட்சியின் சார்பில் யார் நிற்கலாம் என்று சொல்கிறோம். காக்கஸ் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, விருப்பமுள்ளவர்கள் தத்தம் ஆளுக்காக இரண்டு வார்த்தை பேசுவார்கள். பிறகு எல்லோரும் துண்டுச்சீட்டில் பேர் எழுதிப் போடுவார்கள்.

ஆர்லிஸ் மூன்று தேர்தலில் பேசியிருக்கிறாள். முதல் ஆள் ஒரு மாதத்தில் போட்டியிலிருந்து விலகினார். இரண்டாமவர் பத்து நாள் தாங்கினார். மூன்றாமவர் அன்று ராத்திரியே டெலிவிஷனில் தோன்றி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை யாருக்கும்மா பேசப் போற? இப்பவே சொல்லிடு. பாவம், அந்த ஆளு ஹோட்டல் ரூமையாவது காலி பண்ணட்டும்" என்பார் தீவனக் கடை கார்னி பிளீக்கர்.

"ஜெயிக்கிற குதிரை மேல பணம் கட்டவா நான் வர்றேன்? சரின்னு பட்டவனுக்குப் பேசுறேன். தோத்தா அது அவன் பாடு" என்பாள் ஆர்லிஸ்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கணவன் வெர்லின் அவள் அப்பாவின் நிலத்திலேயே பன்றி வளர்க்கிறான். அவன் ஒரு நாளைக்குப் பேசுவது பத்து வார்த்தை, அதிலும் பாதி பன்றிகளோடு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஓடாது, துணி காயாது. கோயிலில் பிரசங்கம் தொடங்கும்போது பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருளைப் பிரித்துப் பக்கத்தில் நீட்டுவாள், எங்கள் சபையில் எல்லோரும் செய்வதுபோல. நகரத்திலிருந்து வருகிற நிருபர்கள் இவளைப் போன்ற பழமைவாதிகளைப் பிடித்துவைத்து, "கன்சர்வேடிவ் என்றால் உங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். அவள் மைக்கைப் பார்த்து, "என்னுதை நான் பாத்துக்கறேன், உன்னுதை நீ பாத்துக்கோ" என்பாள். நிருபர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருப்பார். வராது.

அதன் பின்னால் ஒரு கதை இருந்தது. அதை அவள் நிருபர்களிடம் சொன்னதில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் நெடுஞ்சாலையை அகலப்படுத்த அவள் அப்பாவின் நிலத்தில் ஒரு துண்டை எடுத்தார்கள். வடமேற்குக் காற்றைத் தடுக்க அவள் தாத்தா நட்ட மரவரிசை அந்தத் துண்டில்தான் நின்றது. அப்பா விற்கமாட்டேன் என்றார். விற்க வேண்டியதில்லை, சட்டப்படி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிக் காசைக் கையில் கொடுத்துவிட்டு மரங்களைச் சாய்த்தார்கள். அப்பா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் அவர் தொப்பி கழற்றி அவள் பார்த்திருக்கிறாள், கோயிலில் பார்த்திருக்கிறாள். சொந்த வாசலில் அன்றுதான் பார்த்தாள். அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

தம்பி லோரனுக்கு அப்போது நான்கு வயது. அவனுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் மஞ்சள் நிற புல்டோசர். அதன் டிரைவர் அவனைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டாராம். அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் லோரனின் முகம் மலரும். பிற்பாடு அம்மாவை அந்தச் சாலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்பதையும் அவன் சொல்லாமல் விடமாட்டான். அவன் சொல்வதும் நியாயந்தான். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்கு ஒரே நாள் இரண்டு விதமாக ஆகிப்போனது, அவ்வளவுதான்.

இந்த ஜனவரியில் நடந்த காக்கஸில் ஆர்லிஸ் வாய் திறக்கவில்லை. யாரும் அவள் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஜனாதிபதி பேரை எழுதிப் போட்டதும், வழக்கம்போல முக்கால்வாசிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். டெலிவிஷன்காரர்களும் விளக்கை அணைத்துக்கொண்டு போனார்கள். ஆர்லிஸ் எப்போதும் கடைசிவரை இருப்பாள். நாற்காலிகளை மடித்து அடுக்காமல் போக அவளுக்கு மனம் வராது. கூட்டத் தலைவர் மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து, "கவுண்டி மாநாட்டுக்கு ஆள் வேணும். யாராவது பேரு குடுங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். மடித்த நாற்காலியும் கையுமாக நின்ற ஆர்லிஸ் சரி என்றாள். மார்ச் மாதம் கவுண்டி மாநாட்டிலும் இதே கதை. கடைசியில் தொகுதி மாநாட்டுக்கு எங்கள் கவுண்டிக்கு உரிய மூன்று பிரதிநிதிகள் ஆர்லிஸ், கார்னி, பாங்கில் வேலை பார்க்கும் டென்னிஸ் ஹூக்லண்ட் என்று ஆனது. ஜனாதிபதிக்காக ஊரே திரண்டு வருகிறது. மற்ற பதவிகளெல்லாம் நாற்காலி மடிக்கிறவர்கள் கைக்குப் போகின்றன. இதை எங்கள் ஆட்களுக்கு யாராலும் புரியவைக்க முடிந்ததில்லை.

தொகுதி மாநாடு பெரும்பாலும் சும்மா ஒப்புக்கு நடப்பது. நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு யார் நிற்பது என்பதை, பிரைமரி என்கிற ஜூன் மாத உள்கட்சித் தேர்தலில் மக்களே ஓட்டுப்போட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. பிரைமரியில் யாருமே முப்பத்தைந்து சதவீதத்தைத் தொடவில்லை என்றால், முடிவு அந்த மாநாட்டுப் பிரதிநிதிகள் கையில். இந்த முறை பழைய உறுப்பினர் ஓய்வு பெற்றார். ஐந்து பேர் மோதினார்கள். ஓட்டு ஐந்தாகச் சிதறியது. யாரும் தொடவில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவன் லோரன் மௌ, ஆர்லிஸின் தம்பி.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். அக்கா உடையவனுக்கும் அந்தத் தைரியம் உண்டு. லோரன் விதை வியாபாரி, கவுண்டி நிர்வாகக் குழுவில் எட்டு வருஷம் இருந்தவன், நல்லவன். எவர் வீட்டுச் சாவுக்கும் முதலில் போய் நிற்பான். "சொந்தக் கவுண்டியில மூணுல ரெண்டு எனக்குக் கல்லுல எழுதினது. கார்னி மட்டும் எங்க ரெண்டு பேரோட பழைய வேலித் தகராற மறக்கமாட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆர்லிஸுக்குத்தான் தூக்கம் போனது. சோளத்திலிருந்து எத்தனால் எரிபொருள் எடுக்கும் ஆலைகளின் புகையைக் குழாய் வழியாக வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பூமிக்குள் அடைக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. இடம் கொடுக்காதவர்களின் நிலத்தையும் சட்டத்தின் துணையோடு தோண்ட அது அனுமதி கேட்டது. ஆர்லிஸ் நிலத்துக்குக் குழாய் வரவில்லை. ஆனால் அவள் பஸ் போகிற வழியில் வீட்டுக்கு வீடு 'விற்பனைக்கு இல்லை' என்று பலகை. தினமும் இரண்டு தடவை அவற்றைத் தாண்டித்தான் ஓட்டினாள்.

மாநாட்டுக்கு முந்தின ஞாயிறு, கோயில் முடிந்து அவள் வீட்டில் காப்பிக்கு உட்கார்ந்தபோது கேட்டேவிட்டாள்.

"லோரன், அந்தக் குழாய் விஷயத்துல நீ எந்தப் பக்கம்?"

"அக்கா, எத்தனால் ஆலை ஓடினாத்தான் சோளத்துக்கு வெலை. வெலை வேணுமா வேணாமா?"

"நான் வெலையக் கேக்கல. வேணாங்கறவன் நெலத்த எடுக்கலாமான்னு கேக்கறேன்."

"ரெண்டு பக்கமும் பேசணும்க்கா. பேசித் தீக்க முடியாதது ஒண்ணு உண்டா?"

அவள் மேற்கொண்டு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆட்கள். கேக்கை வெட்டி அவன் தட்டில் வைத்தாள். லோரன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வான் என்று தெரிந்தேதான் அவள் பேசாமல் இருந்தாள்.

சனிக்கிழமை லோரன் வண்டியிலேயே நான்கு பேரும் போனார்கள். லோரன் ஓட்டினான், பக்கத்தில் டென்னிஸ், பின்னால் ஆர்லிஸும் கார்னியும். எதிராளியோடு ஒரே வண்டியில் போவதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கூச்சமில்லை, டீசல் மிச்சம்.

"ஏம்மா, தம்பிக்காக எழுந்து பேசப் போறியா என்ன?" என்றார் கார்னி.

"ஐயோ, வேணாம்க்கா! உன் கால்ல விழறேன், நீ மட்டும் பேசிடாத" என்று லோரன் திரும்பிச் சிரித்தான். "டென்னிஸ் பேசட்டும்."

டென்னிஸ் பேசினான், நன்றாகவே பேசினான். அதற்கு முன்னால் லோரன் மேடை ஓரத்தில் வியர்த்து நின்றபோது, ஆர்லிஸ் கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து அவன் கையில் வைத்தாள். சின்ன வயதில் அம்மா ஒன்றைக் கடித்து இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுப்பாள். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஒவ்வொரு சுற்றிலும் சீட்டில் பேர் எழுத வேண்டும். கடைசியில் வருகிறவர் விலக வேண்டும். யார் எழுதியது என்று சீட்டில் இருக்காது, ஆனால் ஒவ்வொரு கவுண்டியின் எண்ணிக்கையையும் மேடையில் உரக்கப் படிப்பார்கள். நூறு பிரதிநிதி உள்ள கவுண்டியில் அது ரகசியம். மூன்று பேர் உள்ள கவுண்டியில் ரகசியம் எங்கே இருக்கிறது? முதல் மூன்று சுற்றிலும் எங்கள் கவுண்டி, மௌ இரண்டு, எதிர்த்து நின்ற கில்பாட்ரிக் ஒன்று. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா, ஆர்லிஸ் தம்பி பேரைத்தான் எழுதினாள். வேறு யாராவது அவனைத் தோற்கடித்துவிட்டால் தன் தலை தப்பும் என்றும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

தப்பவில்லை. கடைசிச் சுற்றில் மிஞ்சியது இரண்டே பேர், லோரனும், ஆற்றங்கரைப் பக்கத்து வக்கீல் டானா கில்பாட்ரிக்கும். கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கலாம் என்றார்கள். கார்னி எழுந்தார்.

"வேணாங்கறவன் நெலத்துல குழாய் போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தை."

"கூடாது" என்றாள் கில்பாட்ரிக்.

லோரன் இரண்டு நிமிஷம் பேசினான். சோளம் வந்தது, வேலைவாய்ப்பு வந்தது, எல்லோரும் கலந்து பேசுவது வந்தது. அவன் பேசப் பேச ஆர்லிஸ், 'ஒரு வார்த்தை சொல்லேன்டா, எந்த வார்த்தையா இருந்தாலும் சரி' என்று மனதுக்குள் மன்றாடினாள். முன்வரிசையில் டென்னிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். நேராகப் பதில் சொல்லு என்று அவன் ஒரு வாரமாக லோரனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் சீட்டில் கில்பாட்ரிக் என்று எழுதினாள். மடித்துப் போட்டாள்.

"மௌ ஒன்று. கில்பாட்ரிக் இரண்டு" என்று எங்கள் கவுண்டியைப் படித்தார்கள். மொத்தத்தில் லோரன் பதினான்கு ஓட்டில் தோற்றான். ஆர்லிஸின் ஓட்டால் ஒன்றும் மாறிவிடவில்லை.

லோரன் மேடையில் ஏறிக் கில்பாட்ரிக்கின் கையைக் குலுக்கினான், கண்ணியமாக இரண்டு வார்த்தை சொன்னான். இறங்கி நேரே அக்காவிடம் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"தேங்க்ஸ்க்கா. அந்த ஒண்ணு உன்னுதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் பதில் சொல்வதற்குள் டென்னிஸ் அவர்களிடம் வந்து கையை நீட்டினான். லோரன் அந்தக் கையைப் பார்த்தான்.

"வாயால பேசிட்டு, கையால குத்திட்டியேடா" என்றான். "பதினேழு வருஷப் பழக்கம். உன் மகன் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நின்னவன் நான்."

டென்னிஸின் கை அந்தரத்தில் நின்றது. குற்றவாளி மாதிரி முழித்தான். நிரபராதிகள் அப்படித்தான் முழிப்பார்கள். ஆர்லிஸ் பேசாமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இருந்தாளே, அதுபோல. கூட்டத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். வேலையாட்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் கையப் புடிடா" என்றாள்.

"என்னக்கா?"

"அந்த ஒண்ணு டென்னிஸோடது. மொத மூணு சுத்து நானும் உனக்குத்தான் போட்டேன். கடைசியில போடல."

லோரனின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. பிறகு டென்னிஸின் கையைப் பிடித்தான், அவன் முகத்தைப் பார்க்காமல்.

திரும்புகிற வழியிலும் அதே வண்டி, அதே இடங்கள். ஆர்லிஸின் கைப்பையில் பெப்பர்மின்ட் சுருள் இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. பாதி தூரத்துக்கு மேல் கார்னியால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை.

"ஏம்மா ஆர்லிஸ், ஆயுசுல மொத தடவையா உன் ஆளு ஜெயிச்சிருக்கு. கொஞ்சம் சந்தோஷமாத்தான் இரேன்."

யாரும் சிரிக்கவில்லை. கார்னியே வருத்தப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் கார்னியை இறக்கிவிட்டார்கள், பிறகு டென்னிஸை. ஆர்லிஸ் வீட்டுப் பாதை முனையில் லோரன் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. எதிரே, மரவரிசை இருந்த இடத்தில் நெடுஞ்சாலை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நீ சொல்லாம இருந்திருந்தா, சாகிற வரைக்கும் அந்த ஓட்டு உன்னுதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றான்.

"அதனாலதான் சொன்னேன்" என்றாள் ஆர்லிஸ். கதவைத் திறந்து இறங்கினாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கேக் பண்ணி வைப்பேன். வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

மறுநாள் அவன் வரவில்லை. அவள் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி வைத்தாள். வெர்லின் மேசைக்கு வந்து அதைப் பார்த்தான். அன்றைய பத்து வார்த்தையில் இரண்டைச் செலவழித்து, "இருக்கட்டும், வருவான்" என்றான். ஆர்லிஸ் தலையாட்டினாள்.