கல்யாணப் பெண் கழற்றிய டை ராட்

ஹட்டனில் எங்கள் வீட்டு வாசலில், ஜீப்பின் சக்கரத்தைத் திருப்பும் டை ராட்டைக் கணவர் அடித்துக் கழற்றினார். ‘டங்’ என்ற சத்தத்தில் நான் மறுபடியும் சின்னப் பிள்ளையானேன்.

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் அப்பாவின் பழைய ஜீப் நின்றது. மறுநாள் இறம்பொடைக் கோயிலில் அத்தைக்குக் கல்யாணம். தேய்ந்த டை ராட்டை மாற்றாமல் மலைப்பாதையில் போக முடியாது. துருப்பிடித்த அதுவோ அசையவேயில்லை. அப்பா மண்ணெண்ணெய் வாடையோடு சோர்ந்து உட்கார்ந்தார்.

முகத்தில் நலங்கு மஞ்சளோடு அத்தை வந்து இன்னொரு சுத்தியலை எடுத்தாள்.

“அண்ணே, நீங்க அந்தப் பக்கம் அடிங்க, நான் இந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஒண்ணா அடிப்போம்.”

“கையில பட்டா மாப்பிள்ளைக்கு என்னம்மா சொல்றது?”

“அத நான் சொல்லிக்கிறேன்.”

சேர்ந்து அடித்ததும் கழன்று விழுந்தது. லயமே கைதட்டியது. மறுநாள் ஜீப் வளைவுகளில் ஒழுங்காகத் திரும்பும்போதெல்லாம், பட்டுச்சேலையில் முன்சீட்டிலிருந்த அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கணவர் ஜீப்பின் அடுத்த பக்கத்து டை ராட்டைக் கழற்றப் போனார்.

“இத நான் அடிக்கிறேங்க” என்று எழுந்தேன்.