கட்டத்துக்கு வெளியே இருந்த வரி

என் அத்தான் பத்திரிகைக்காரர். அக்காவைக் கட்டிய கையோடு என்னையும் தன் அலுவலகத்தில் பிழை திருத்தச் சேர்த்துவிட்டார். இருபத்தாறு வருடம் அவர் எழுதிய 'எதிர்க்கேள்வி' பத்தியை ஒரு வரி விடாமல் படித்த பாவி நான்.

பழமைவாதி என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தலைமுறை தலைமுறையாக நடப்பதை நேற்று வந்த விஞ்ஞானி சொல்லி மாற்றுவதா என்பார். பூமி சூடாகவில்லை, ஆலைப் புகையால் நுரையீரல் கெடாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! ஆனால் சோம்பேறி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆராய்ச்சி அறிக்கைகளை வரவழைத்துப் படிப்பார், கடைசிப் பக்கத்திலிருந்து. 'இதெல்லாம் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை' என்று விஞ்ஞானிகள் நேர்மையாக ஒப்புக்கொள்ளும் இடம் அங்கேதான் இருக்கும். சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றிக் கட்டம் போடுவார். மறுநாள் அதுதான் தலைப்பு.

"முன்னாடி நாப்பது பக்கம் இருக்கே அத்தான்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ கமாவப் பாருடா."

நானும் கமாவைப் பார்த்தேன்.

போன வருடம் அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. சோதனை அறிக்கை வீட்டுக்கு வந்தது. அத்தான் வழக்கம்போல் அடியிலிருந்து படித்தார். 'எடுத்த சதை போதவில்லை. முடிவாகச் சொல்ல இயலாது. உடனே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.' முதல் இரண்டு வரிக்குக் கட்டம் போட்டார். மூன்றாவது வரி வெளியே நின்றது.

"பாத்தியா, அவங்களுக்கே ஒண்ணும் தெரியல. ஊசியால குத்திக் குத்தியே ஆளப் படுக்க வச்சிருவாங்க."

"அக்கா, இன்னொரு தடவ காட்டிரலாமே," என்றேன்.

"போடா, உங்க அத்தான் படிக்காத அறிக்கையா?" என்று சிரித்தாள். அவருடைய முதல் வாசகி அவள்தானே. அறிக்கையை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தாள். நான் அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நாலு மாதத்தில் அக்குளிலும் கட்டி வந்தது. அதற்கப்புறம்தான் கத்திக் கூப்பாடு போட்டு அவளை மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன்; அத்தானும் கூட வந்தார். சோதனைகள் எல்லாம் முடிந்தபின் டாக்டரம்மா அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நோய் ஈரல்வரை போய்விட்டது என்றார்.

அத்தான் நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்க முடியுமா?"

டாக்டரம்மா யோசித்தார். "அத உறுதியா சொல்ல முடியாது சார்."

அந்த ஒரு வாக்கியத்தைத் தேடித் தேடியே பேரெடுத்த மனுஷன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீங்கம்மா. ஆமான்னோ இல்லைன்னோ ஒண்ணு சொல்லுங்க," என்று கெஞ்சினார். எனக்கு அவர்மேல் இரக்கமே வரவில்லை.

வெளியே அக்கா, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது அறிக்கையை அவர் படிக்க வேண்டுமே என்று.