கிணற்றில் இறங்கிய மஞ்சள்

கிணற்றருகே கழிவுநீர்க் குழி வைத்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் தீவில், பெல் ஒம்ப்ர் என்ற ஊரின் கடற்கரையில் எங்கள் ஆறு வீடுகளுக்கும் ஒரே கிணறு. யுத்த வேலைக்காக எகிப்துக்குக் கப்பலேறும் முன், கிணற்றுக்கு வெகு கீழே, கடலோரமாகக் கழிவுநீர்க் குழி வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார் என் வீட்டுக்காரர். அங்கே போனால் அவரைக் கொண்டுபோன கடல்தான் கண்ணில் படும். தாங்க முடியாமல் அடுப்படிக்குப் பின்னால் நானே ஒரு குழி வெட்டிக்கொண்டேன். கிணறு பத்தடியில் இருப்பதை யோசிக்கவில்லை.

சில வாரங்களில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. ஒருவருக்கும் காரணம் பிடிபடவில்லை.

தைப்பூசம் வந்தது. காவடி எடுப்பவர்களின் வேட்டிகளை மஞ்சளில் முக்கி, மிச்சத் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றினேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டு மரி வாளியோடு ஓடிவந்தாள்.

"அயோ அக்கா, கிணத்துத் தண்ணி மஞ்சளா வருது, பாருங்க!"

இத்தனை நாள் ஊற்றிய அழுக்கெல்லாம் மணல் வழியே அங்கேதான் போயிருக்கிறது. அன்றே குழியை மூடி, கிணற்றை இறைத்தோம். பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

இப்போது சாயங்காலந்தோறும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் வெட்டிய குழிக்கே போகிறேன். ஊற்ற ஒரு நிமிஷம் போதும். கப்பல் ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள்தான் இருட்டிவிடுகிறது.