வீட்டுக்காரம்மாவிடம் நான் சொன்ன பொய்

எண்பதுகளின் கடைசியில் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் வாடகைக்குக் குடியிருந்தோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இதோ வரும் அதோ வரும் என்று காத்திருந்த காலம். வீட்டின் சொந்தக்காரர்கள் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்டவர்கள். பழைய வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே மாடி வைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் குலசாமி மட்டும் எங்களோடேயே தங்கிவிட்டது. நாங்கள் படுக்கும் அறையின் சுவரில் ஒரு மாடம், அதில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் அவர்கள் அம்மன்.

"ஆத்தாவ எடம் மாத்தக் கூடாதும்மா. வெள்ளிக்கெழமைல நான் வந்து வெளக்கேத்திட்டுப் பூடுவேன்" என்று வீடு பார்க்கப் போன அன்றே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். இன்னொரு சாவியும் அவரிடமே இருந்தது. சாமி காரியம்தானே என்று நாங்கள் ரெண்டு பேரும் தலையாட்டினோம். புத்தி கெட்ட ஜென்மங்கள்!

வெள்ளிக்கிழமை என்று தொடங்கியது, செவ்வாயும் ஆயிற்று. அப்புறம் நினைத்த நேரமெல்லாம் ஆயிற்று. குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு நிற்பேன், கதவு திறக்கும். கண் அசந்து படுத்திருப்பேன், காலடியில் வந்து நிற்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அக்கா, கதவைத் தட்டிட்டு வாங்களேன்" என்று கேட்டேவிட்டேன். "என் ஊட்டுக்குள்ள வர்றதுக்கு நான் இன்னாத்துக்குக் கண்ணு கதவத் தட்டணும்?" என்று சிரித்தார். கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் புலம்பினால், "குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ" என்பார். கடித்துக் கடித்து என் பல்தான் தேய்ந்தது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மாதத்தில் அந்த மூன்று நாள் வந்தால் முதலில் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அம்மன் இருக்கும் அறையில் நான் படுக்கக் கூடாது, பின்பக்கத் தாழ்வாரத்தில்தான் பாய். அந்த மூன்று நாளும் அவர் எங்கள் வாசற்படியை மிதிக்கமாட்டார். தேதி ஒரு நாள் தள்ளினால் போதும், "இன்னா, இன்னும் ஆவலியா?" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாலு பேருக்கு நடுவில் கேட்பார். மானம் போகும்.

எனக்கு அதற்கு முன்பே இரண்டு முறை கரு தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தன. ரெண்டு தடவையும் ஊரே வந்து வாழ்த்தியது, ஊரே வந்து துக்கம் கேட்டது. அந்த உச்சுக்கொட்டலை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் மூன்றாவது முறை தங்கியபோது, ஐந்து மாதம் முடிகிறவரை ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் சொன்னேன். ஆனால் தேதி வருமே! தாண்டினால் அந்த அம்மா கண்டுபிடித்துவிடுவார். நேரே போய், "அக்கா, நான் தூரம்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபடி தாழ்வாரத்தில் மூன்று நாள் படுத்தேன். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு, யார் வருவார்கள் என்ற பயமில்லாமல் கிடந்தேன். சந்தோஷமாக இருந்தது. அடுத்த மாதமும் அதே பொய்யைச் சொன்னேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொடியை மறந்துவிட்டேன். அந்த நாட்களில் அலசிய பழந்துணியைப் புடவைக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவோம். ரெண்டு மாதமாக அங்கே துணி காயவில்லை என்பதை அந்த அம்மா கவனித்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் அவர், கையில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு.

"அடிக் கள்ளி! இத்த மறச்சிகினு கீறியே!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் பொய்யே இல்லை, அதுதான் எரிச்சல்.

"அக்கா, ஒங்க கால்ல விழுறேன், யார்கிட்டயும் சொல்லிராதீய" என்று கெஞ்சினேன்.

"நல்ல சேதிய யாராச்சும் மூடி வப்பாங்களா?"

விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதுவும் கலைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தேன். அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் கதவைப் பார்த்தபடியே கிடந்தேன். நினைத்த மாதிரியே கதவு திறந்தது. ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்திருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பிறகு மாடத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆத்தா கீற ஊட்ல, தூரம்னு பொய் சொல்லிகினு இருந்தியே கண்ணு. அவ சும்மா உடுவாளா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். "வீடு ஒங்களது. வயிறு என்னது. போங்க வெளியே!"

அவர் அதிர்ந்துபோனார். "என் ஊட்ல நின்னுகினு என்னியே வெளிய போன்றியா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி அன்று சாயங்காலமே ஆள் வந்தது. என் வீட்டுக்காரர் சரி சரி என்று தலையாட்டி அனுப்பினார்.

வேப்பம்பட்டில் ஒரு வீடு கிடைத்தது. சாமானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ரயிலுக்காக ஆவடி ஸ்டேஷனில் நின்றோம். நடந்தது எதைப் பற்றியும் அதுவரை வாய் திறக்காத மனிதர், தண்டவாளத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "நீ அந்தப் பொய்ய மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்."

ரயில் வந்தது, ஏறினேன். அந்த அம்மாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அன்று என் பக்கத்தில் நின்றவரை இன்னும் மன்னிக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது.