பொம்மைக்கு வலி எடுத்த நாள்

காரைக்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் மகப்பேறு பாடம் நடத்துகிறவள் நான். எங்கள் மருத்துவக் கல்லூரியில் பிரசவம் பழக ஒரு ரப்பர் பொம்மை உண்டு. ஆளுயரத்தில் தாய், வயிற்றுக்குள் ஒரு பிள்ளை.

முதல் வகுப்பில் வழுவழுப்புக்கு ஜெல்லி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பிள்ளை ஒரு உயரமான மாணவன் கையிலிருந்து நழுவி மேஜைக்கடியில் போய்விட்டது. ஒரே சிரிப்பு. எனக்கு உறுத்தியது அதுவல்ல. பாடத்தில் கெட்டியான அந்தப் பையன், தாயிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"சொல்லாம கொள்ளாம கை வைக்கலாமாப்பா?" என்றேன்.

"பொம்மைதானே மேடம்."

மறுநாள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நானே அந்தத் தாயானேன். அம்மா வீடு ஒக்கூர்ப் பக்கம் என்பதால் பேச்சு தானாக வந்தது. "ஐயோ, இடுப்பு விட்டுப்போகுதே! டாக்டரு, என்ன செய்யப் போறீக? சொல்லிப்பிட்டுச் செய்யுங்க!"

பையன் திகைத்து நிற்கையில் கதவு படீரென்று திறந்தது. மகளை மாதப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்த ஒரு அம்மா, எதிர் வராண்டாவில் என் கத்தலைக் கேட்டு ஓடி வந்துவிட்டார்.

"ஒரு புள்ள இம்புட்டுக் கத்துது, மரமா நிக்கிறீகளே!" என்று பொம்மையின் கையைப் பிடித்தவர், உடனே விட்டார். "அடியாத்தி! ரப்பரு!"

திரையை விலக்கி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எம்மகளை இன்னும் கூப்பிடல. செத்த பாத்துட்டுப் போறேனே" என்றார். அப்படியானால் பொம்மைக்கு அம்மாவாக இருங்கள் என்றேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தலைமாட்டில் வந்து நின்றார்.

நான் பிள்ளையை உள்ளிருந்து தள்ளினேன். தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. அன்றைய பாடம் அதுதான். "எம்மகளுக்கு என்ன தம்பி? ஏன் தாமசம்?" என்று அந்த அம்மா உண்மையாகவே பதறினார். பையனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் வாய் திறந்துவிட்டது.

"புள்ளையோட தோள் மாட்டிக்கிச்சும்மா. கால் ரெண்டையும் வயித்தோட சேத்து மடக்கப் போறோம். நீங்க அவங்க கையப் பிடிச்சுக்கங்க."

இரண்டு பேர் கால்களை மடக்கினார்கள். ஒரு மாணவி அடிவயிற்றில் எலும்புக்குச் சற்று மேலே அழுத்தினாள். பையன் தலையை இழுக்காமல் காத்திருந்தான். தோள் விடுபட்டது. பிள்ளை அவன் கையில் வந்து விழுந்தது.

"என்ன புள்ள?" என்று கேட்டார் அந்த அம்மா.

பையன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியலம்மா. கம்பெனிக்காரங்க ஒண்ணும் வைக்கல."

வகுப்பே குலுங்கியது. அந்தச் சிரிப்பில் வாசலிலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்தது. அவர் மகள்தான். ஏழு மாத வயிறோடு எப்போது வந்து நின்றாளோ! "இத்தனை மாசமா டாக்டரம்மாகிட்ட வாயே தொறக்க மாட்டா, பயந்து சாவா" என்றார் அம்மா என் காதோடு.

அந்தப் பெண் மெதுவாக உள்ளே வந்து பொம்மையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையனிடம், "புள்ள இதுக்குள்ள எங்குட்டுப் பாத்து இருக்கும்?" என்று கேட்டாள். அவன் பிள்ளையை மறுபடி உள்ளே வைத்து, தலை எப்படித் திரும்பும், எப்படி இறங்கும் என்று காட்டினான். ரொம்ப வலிக்குமா, தனியாக விட்டுவிடுவார்களா, அம்மா கூட இருக்கலாமா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். வராண்டாவில் நர்ஸ் அவள் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. நல்ல கனம், அதைவிட நல்ல தொண்டை.