சவரியண்ணன் ஒத்துக்கொள்ளாத கடைசி பாகம்

பாப்பாரப்பட்டிச் சந்தையில் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. இண்டூர் பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடியே கத்தினார்: "யோவ் முனியப்பா, உன் ஆளு போய்ட்டாருய்யா! சவரியப்பன்!" என் ஆளாம். ஊரெல்லாம் பார்க்க என்னோடு சண்டை போட்ட மனுஷன் எப்படி என் ஆள் ஆனார் என்று கேட்க நேரமில்லை. பையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த மிளகாயிலும் பாதி சொத்தை, அது வேறு கதை.

இன்று முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல் என்கிறீர்கள். நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? நடந்ததைச் சொல்கிறேன்.

இண்டூரில் சினிமாக் கூடாரம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். பின்னால் இருப்பவன் அவன் மேட்டை இன்னும் உயர்த்துவான். அதிலேயே பாதி சண்டை வரும். அறுபதுகளின் நடுவில் முதலாளி ஒரு இங்கிலீஷ் படத்தைக் கொண்டுவந்தார். வாரம் ஒரு பாகம், பெரிய படத்துக்கு முன்னால் ஓடும். முகமூடி போட்டு, முதுகில் துணி கட்டிப் பறக்கிற ஒருத்தன். நாம் வைத்த பேர் துப்பட்டிக்காரன். தடுக்கி விழுவான், கதவில் முட்டிக்கொள்வான், கடைசியில் எப்படியோ வில்லன் மீசைக்காரனைப் பிடித்துவிடுவான். அவன் பேசுவது யாருக்கும் புரியாது என்பதால், திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல முதலாளி என்னை வைத்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத எனக்கு மட்டும் என்ன புரியும்? வாய் அசைவதைப் பார்த்து நானாக அடித்துவிடுவேன். காணி நிலம் இல்லாத எனக்கு அந்த வாய்தான் சோறு போட்டது.

அந்தச் சோற்றில்தான் சவரியண்ணன் வாராவாரம் மண் போட்டார். படம் ஓடும்போதே எழுந்து நிற்பார்.

"டேய் முனியா, பறக்கறவன் எதுக்குடா ஏணி வெச்சு ஏறுறான்?"

"எனக்கென்னங்ணா தெரியும்? படம் எடுத்தவனக் கேளுங்க."

"அவன் இங்கியா நிக்கறான்? நீதான நிக்கற!"

கூட்டம் சிரிக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். துப்பட்டிக்காரன் அந்தப் பொம்பளையை நம்பியிருக்கக்கூடாது, நீ தடுத்திருக்க வேண்டாமா என்பார். அவன் செய்கிற தப்புக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வெறுமனே தலையை ஆட்ட வேண்டாம். நீங்களும் அவருக்குத்தான் ஆமாம் போட்டீர்கள்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்தார். "ஈஸ்டர் பாஸ்கா முடியற வரைக்கும் படம் பாக்க மாட்டேன்னு நேந்துகிட்டேன்டா." சந்தோஷத்தில் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் கதையை ஆரம்பித்தேன். கூடாரத் துணிக்கு வெளியிலிருந்து குரல்: "முனியா, சத்தமா சொல்றா!"

ஓடிப்போய்ப் பார்த்தால், துணியோரமாகத் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறார். "பாக்க மாட்டேன்னுதான நேந்தேன், கேக்க மாட்டேன்னா சொன்னேன்? துணியில வெளிச்சம் ஆடறத வெச்சே சண்டையா, ஓட்டமான்னு தெரியுது. மிச்சத்த நீ ஒழுங்காச் சொல்லு."

இப்படியே கடைசி பாகம் வந்தது. முந்தின வாரம் துப்பட்டிக்காரன் மலை உச்சியில், துணி கிளையில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தான். நான் சொன்ன பள்ளம் ஒகேனக்கல்லில் பாதி ஆழம்கூட இல்லை என்று அதற்கும் ஒரு வாரம் வழக்கு நடத்தியிருந்தார். கூடாரம் நிரம்பி வழிந்தது. சேலத்திலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய அந்தப் பாகத்தின் படப்பெட்டி மட்டும் வரவில்லை. முதலாளி என் காதில் சொன்னார்: "வெறும் வெளிச்சத்த அடிக்கச் சொல்றேன். கூட்டத்த நீ புடிச்சு வெச்சா உண்டு. இல்லன்னா நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். கிளை ஒடிகிறது என்றேன். "படம் எங்கடா?" என்று ஒருத்தன் மணலை அள்ளி வீசினான். என் பிழைப்பு அன்றோடு போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது வெளியிலிருந்து அந்தப் பாழாய்ப்போன குரல்: "முனியா! கிளை எந்தாண்ட ஒடியுது?"

"இடது பக்கங்ணா!"

"அப்ப வலது கைய நீட்டச் சொல்லுடா, மடையா!"

பெண்கள் பக்கமிருந்து ஒரு அம்மா, "ஆமாமா, அந்தாண்ட ஒரு பாறை இருந்துச்சு, போன வாரம் நான் பாத்தேன்" என்றார். "பாறை வழுக்கும், துணியப் புடிக்கச் சொல்லு" என்றார் இன்னொருவர். அவ்வளவுதான். மணல் வீசியவனே எழுந்து நின்று மீசைக்காரன் வருகிற வழியைக் காட்டினான். வெள்ளைத் துணியைப் பார்த்து ஒரு ஊரே கத்தியது. துப்பட்டிக்காரனை மேலே ஏற்றி, மீசைக்காரனை மன்னிக்க வைத்துக் கதையை முடித்தேன். வேலை தப்பியது.

மறுநாள் காலை வாசலில் ஆள் ஆஜர். "படம் அருமைடா. நீ சொன்னதுதான் சரியில்ல. அந்த மீசைக்காரன அவ்ளோ சுளுவா மன்னிச்சிட்டியே! பறக்கறவனுக்கு எரக்கம் இருக்கலாம், மறதி இருக்கக்கூடாது." பத்து வருஷம் இதையே சொன்னார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார். என் மகள் கல்யாணப் பந்தியில் சொன்னார். நான் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்க வந்து, கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். படமே வரவில்லையே அண்ணா என்று எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது. பாவம், ஏமாந்த மனுஷன் என்று விழுங்கிக்கொண்டேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி அருளாயி அண்ணியிடம் சொன்னேன்: "அன்னிக்குப் படம் ஓடலன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமலே போச்சு அண்ணி."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தெரியாதா? துணியில வெளிச்சம் ஆடவே இல்லன்னு அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னாரே. பாவி வெறும் வாயோட தனியா நிக்கறான், நாலு சத்தம் போட்டுட்டு வந்தேன்னாரு."

"அப்புறம் எதுக்கு அண்ணி பத்து வருஷமா அதையே கொறை சொன்னாரு?"

"படத்தையா கொறை சொன்னாரு? உங்களத்தான."

கையில் செபமாலையோடு படுத்திருந்தவரைப் பார்த்தேன். வந்த கோபத்துக்கு எழுப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

போன வாரம் பிள்ளைகள் கேட்டார்கள் என்று அந்தக் கடைசி பாகத்தைச் சொன்னேன். மன்னிப்பதற்கு முன்னால், கிழிந்த துப்பட்டியை மீசைக்காரனையே உட்கார்த்தித் தைக்க வைத்தேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். கதை இப்போதுதான் சரியாக உட்கார்ந்தது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் குறை ஒன்றுதான். அது சரியான குறை என்று ஒப்புக்கொள்ள, ஆள் போன பிறகா எனக்குப் புத்தி வர வேண்டும்?

இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார். தையல் சரியில்லை என்று காலையில் வாசலுக்கு வந்திருப்பார்.