பேனா எழுதிப் பார்த்த காகிதம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவின் பெட்டியிலிருந்து அக்கா மையால் போட்ட கோட்டுப் படங்களை எடுத்தேன்.

ஒரு பழைய கதவை மட்டும் கண்காட்சியில் நிறுத்தி, இதுவும் கலைதான் என்று சண்டை போட்டுப் பேர் வாங்கினாளே, அதே அக்கா. இவை அவள் பதின்மூன்று வயதில் போட்டவை. சென்னைக் கண்காட்சியில் வைக்கக் கேட்டிருந்தாள்.

அண்ணன் வண்டியில் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனான். ஃபிரேம் கடை பாய் ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்த பேப்பரா?”

“இல்ல பாய். எங்கப்பா அம்மாவ பெல்ட்டால அடிக்கறப்ப, அக்கா கதவுக்குப் பின்னால உக்காந்துகினு போட்டது. ஒரு அடிக்கு ஒரு கோடு.”

பாய், நிப்பு குத்திக் கிழித்திருந்த இடத்தை விரலால் தொட்டார்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் இதைக் கேட்டுவிட்டான்.

“செத்தவரு மானத்த சொவுத்துல மாட்டப் போறியாடி?”

தாளைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தான். தடுத்தேன். அறைந்தான். அங்கே சாய்த்திருந்த சட்டத்தின் முனை பட்டு உதடு கிழிந்தது.

பாய் அவன் கையை முறுக்கிப் பிடித்தார். “பொம்பள மேல கை வெக்கிறியா? வெளிய போப்பா!”

கிழிந்த தாளை ஒட்டாமல் அப்படியே சட்டம் போடச் சொன்னேன். பாயிடம் ஒரு வெள்ளைத் தாளும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அந்த வெள்ளைத் தாளில் தடிமனாக ஒரே ஒரு கோடு போட்டு, அவள் படங்களோடு சேர்த்து அனுப்பப் போகிறேன்.

அண்ணன் கேட்டால், பேனா எழுதுகிறதா என்று பார்த்தேனாம், யாராவது சொல்லிவிடுங்கள்.